பதினோரு தட்டும் பிந்தி வந்த ஒன்றும்

மேலக்குளம் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஐம்பத்து நாலாவது ஆண்டு விழாவில் உயரம் தாண்டுதல் முதல் பரிசுக்காகத் தட்டப்பட்ட கைதட்டல், விழா முடிந்து, பந்தல் பிரித்து, வாடகை நாற்காலிகள் வண்டியேறி, மைக் செட்காரர் வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போன பிறகும் கலையாமல், ஒன்பதாம் வகுப்பு 'ஈ' பிரிவு செல்வபிருந்தாவின் பின்னாலேயே நடந்து அவள் வீடு போய்ச் சேர்ந்தது. பிருந்தா உயரம் தாண்டியவள் அல்லள். அவள் தன் வாழ்நாளில் தாண்டிய பெரிய தடை, மழைக்காலத்தில் பள்ளி வாசலில் தேங்கும் தண்ணீர். அதையும் உயரம் தாண்டுதலில் சேர்க்க முடியாது, நீளம் தாண்டுதலில்தான் சேர்க்க வேண்டும்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல, அந்தப் பள்ளியில் பரிசு வழங்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத, ஆனால் எழுதப்பட்ட எல்லா விதிகளையும்விடக் கறாராகப் பின்பற்றப்பட்ட முறை அது. சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் பிந்தி வருவார். வந்ததும், இன்னொரு விழாவுக்குப் போக வேண்டும், சீக்கிரம் முடியுங்கள் என்பார். அதனால் பெயர் வாசிக்கிற வேகத்துக்குப் பரிசு வராது, பரிசு வருகிற வேகத்துக்குப் பிள்ளை வராது. பேச்சுப் போட்டிக்காரி எறிபந்துக் கோப்பையை வாங்குவாள், எறிபந்து அணித் தலைவி கோலப் போட்டியின் டிபன் பாக்ஸை வாங்குவாள், உரியவள் வராவிட்டால் பக்கத்தில் நிற்கிற யாராவது வாங்குவாள். போட்டோ விழுந்தால் போதும். அடுத்த வேலை நாளில் எல்லாப் பரிசுகளையும் ஆசிரியர் அறையின் நீள மேசையில் பரப்பிவிட, அவரவர் தம்முடையதை எடுத்துக்கொண்டு போவார்கள். இப்படி ஐம்பத்து மூன்று ஆண்டுகள் நடந்ததில் ஒரே ஒரு எவர்சில்வர் குடம் மட்டும்தான் கை மாறிப் போனது. அதுவும் கடைசியில் ஒரு கல்யாணச் சீர்வரிசையில் அடையாளம் காணப்பட்டுத் திரும்பி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாநில அளவில் உயரம் தாண்டி முதலிடம் பெற்றிருந்த பத்தாம் வகுப்பு நிலோஃபர், வீட்டிலிருந்து நேரத்துக்குக் கிளம்பியும், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாள். ஒரு சரக்கு ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி, அவசரமில்லாமல் போனது. கேட்டின் கட்டை தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். நிலோஃபர் தாண்டியது ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு. ஆனாலும் அவள் தாண்டவில்லை. சட்டப்படி நின்றாள். மாநிலத்திலேயே மிக உயரம் தாண்டிய பெண் ஒரு கட்டைக்கு முன்னால் கைகட்டி நின்ற அந்தப் பதினான்கு நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மேடைப் பொறுப்பு கணக்கு டீச்சர் எஸ்தர் சுகந்தியிடம் இருந்தது. 'நிலோஃபர்' என்று மைக்கில் மூன்று முறை கூப்பிட்டாயிற்று. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தாயிற்று. மேடைக்குப் பின்னால், வரவேற்பு நடனத்தில் கடைசி வரிசையில் ஆடிவிட்டுச் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்த பிருந்தா எஸ்தர் டீச்சரின் கண்ணில் பட்டாள்.

"ஏய் நெட்டை, இங்கிட்டு வா. மேடைக்குப் போ."

"நான் எதுலயும் ஜெயிக்கலையே டீச்சர்."

"அது எனக்குத் தெரியாதா? உயரம் தாண்டுற புள்ளைன்னா பாக்கக் கொஞ்சம் உயரமா இருக்கணும்ல. போய் வாங்கு. திங்கக்கிழமை மாத்திக்கிருவோம்."

பிருந்தா ஒரு காலில் சலங்கையோடு மேடையேறிக் கோப்பையை வாங்கினாள். கீழே அறுநூற்றுப் பன்னிரண்டு மாணவியரும் தட்டினார்கள். தட்டினார்கள் என்றால், மனம்போன போக்கில் தட்டவில்லை. வெறுமனே தட்டுவது ஒழுங்கீனம் என்பது உடற்பயிற்சி ஆசிரியை தில்லைநாயகியின் கொள்கை. எனவே அந்தப் பள்ளியின் கைதட்டலுக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் இரண்டு தட்டு, பிறகு மூன்று, பிறகு நாலு, மறுபடி இரண்டு. மொத்தம் பதினொன்று. நிலோஃபர் தாண்டுவதற்காகக் குறுக்குக் குச்சியை நோக்கி ஓடிவருகையில் வைக்கிற எட்டுகளும் பதினொன்றுதான். இந்தத் தட்டுக்கு அந்த ஓட்டமா, அந்த ஓட்டத்துக்கு இந்தத் தட்டா என்பது தில்லைநாயகிக்கு மட்டுமே தெரியும். பதினோரு தட்டும் சீராக விழுந்தன. அவை முடிந்து, பந்தல் அமைதியான பிறகு, எங்கிருந்தோ பன்னிரண்டாவதாக ஒரு தட்டு, தனியாக, பிந்தி வந்தது.

தில்லைநாயகி திரும்பிப் பார்த்து முறைத்தார். விழா தொடர்ந்தது.

சனிக்கிழமை காலையில் பிருந்தாவின் அம்மா முருகலட்சுமி டீ டம்ளரை நீட்ட, பிருந்தா வாங்கினாள். இரண்டு, மூன்று, நாலு, இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

"டிவிய அமத்துடி."

"டிவியே போடலம்மா."

முருகலட்சுமி அப்பளக் கம்பெனியில் பதினேழு வருடமாக அப்பளம் உருட்டுகிறவள்; ஒரு முறை கேட்டதை நம்பாமல் மறுமுறையும் பார்க்கிற பழக்கம் அந்த வேலை கொடுத்தது. ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். தட்டியது. சீப்பை நீட்டினாள். தட்டியது. வெறுங்கையை நீட்டினாள்; ஒன்றும் இல்லை. "அப்ப ஏதாச்சும் குடுத்தாத்தான் தட்டுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, மகள் மேல் சாம்பிராணி காட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, இட்லிக்குச் சட்னி அரைக்கப் போனாள்.

மத்தியானத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பொருளோடு வாசலில் வந்து நின்றார்கள். கறிவேப்பிலை கொடுத்துப் பார்த்தார்கள், வெங்காயம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருத்தி கைக்குழந்தையையே கொடுத்துப் பார்த்தாள். குழந்தை கைதட்டலைக் கேட்டு, தனக்குத்தான் என்று நினைத்துச் சிரித்தது. சின்னப் பொருளுக்கு அடுத்த தெருவில் தட்டுவதுபோல மெல்லக் கேட்கிறது என்பதையும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் நீட்டினால் சத்தம் இரட்டிக்கிறது என்பதையும் தையல் கடை ஜோதிமணி கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தெருவில் வேறு பேச்சில்லை. சாயங்காலம் பிருந்தாவின் வீட்டில் பதினாலு வெங்காயம், மூன்று சீப்பு, யாருடையது என்று தெரியாத ஒரு சுத்தியல் எல்லாம் சேர்ந்திருந்தன.

"ஏம்மா பிருந்தா, இதக் கொஞ்சம் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துரு" என்று ஜோதிமணி தன் கத்தரிக்கோலை ஒன்பதாவது தடவையாக நீட்டினாள்.

"அக்கா, கை வலிக்குதுக்கா."

"வாங்கத்தானடி செய்யுற. தட்டுற கையில்ல வலிக்கணும்."

கைதட்டலுக்கு யாரும் இலக்கணம் எழுதவில்லை. எழுதியிருந்தால், அது ஒருவருடைய கையில் பிறந்து இன்னொருவருடைய காதில் முடிகிறது என்றும், இடையில் அது யாருடையது என்பது இன்னும் தீராத வழக்கு என்றும் முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். மேலக்குளத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. பவர் கட்டைப்போல, பள்ளிவாசல் தெருத் திருப்பத்தில் எப்போதும் இருக்கும் பள்ளத்தைப்போல, இதையும் ஊரின் ஓர் அம்சமாக எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை பேருந்தில் நடத்துநர் பிருந்தாவிடம் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது கைதட்டல் எழ, முன் இருக்கையில் இருந்த மூன்று பேர் ஏதோ தலைவர் ஏறுகிறார் என்று எழுந்து நின்றார்கள். மறுநாள் நடத்துநர் முதல் சீட்டை அவளுக்கே கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த நிறுத்தத்து டீக்கடைக்காரர் கைதட்டலை வைத்து எட்டே முக்கால் மணியைத் தெரிந்துகொள்ளத் தொடங்கினார். சத்துணவு வரிசையில் சோற்றுக்கு ஒரு முறையும் முட்டைக்கு ஒரு முறையும் தட்டியதால், மற்ற பிள்ளைகளும் தங்கள் முட்டையை வாங்கும்போது நிமிர்ந்து நின்று வாங்கினார்கள். அதற்கு முன்னால் முட்டையை யாரும் அப்படி வாங்கியதில்லை என்று சமையலம்மா சொன்னாள்.

எஸ்தர் டீச்சர் கணக்குத் தேர்வுத்தாள் கொடுத்த நாளில் ஒரு சிறிய சங்கடம் நேர்ந்தது. பிருந்தா தாளை வாங்கினாள். இரண்டு, மூன்று, நாலு, இரண்டு, ஒன்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"எத்தனைடி?" என்றாள் பக்கத்து பெஞ்சு.

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம்" என்றார் எஸ்தர் டீச்சர். பிறகு, "இருந்தாலும் போன தடவைக்கு இது பரவாயில்ல" என்றார். பிருந்தா அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினாள்.

ஏனென்றால், உள்ளதைச் சொல்ல வேண்டும், பிருந்தாவுக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது வருடப் பள்ளி வாழ்க்கையில் அவளுக்காக யாரும் தட்டியதில்லை. நடனத்தில் பின்வரிசை, கூட்டுப் பாடலில் பின்வரிசை, குழு போட்டோவில் உயரம் காரணமாகக் கடைசி வரிசை. தண்ணீர் பாட்டிலை வாங்கினால்கூட உலகம் மகிழ்கிறது என்கிற நிலைமை அவளுக்குப் புதிது. கூன் போட்டு நடந்தவள் கழுத்தை நீட்டி நடந்தாள். யாருடைய கைதட்டல் இது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைப் பைக்குள் அடியில், ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் கீழே, வைத்திருந்தாள்.

பள்ளி அளவில் விசாரணைகளும் நடந்தன. மாநகராட்சிக் கல்விப் பிரிவிலிருந்து, மேற்படி கைதட்டல் எந்தத் தலைப்பில் அனுமதிக்கப்பட்டது, பள்ளி நேரத்துக்குப் பிறகும் அது மாணவியோடு செல்வதற்கு முன் அனுமதி பெறப்பட்டதா, மூன்று நாள்களுக்குள் அறிக்கை அளிக்கவும் என்று சுற்றறிக்கை வந்தது. தலைமையாசிரியை, 'மாணவியின் ஊக்கத்தின் பொருட்டு' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். யாராலும் மறுக்க முடியாத பதில் அது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, தன் மகளுக்கும் இப்படி ஒன்று ஏற்பாடு செய்ய முடியுமா, குறைந்தபட்சம் பொதுத்தேர்வு வரைக்கும், என்று கேட்டார். அறிவியல் கண்காட்சியில் பிருந்தாவை 'ஒலி' என்ற அட்டைக்குக் கீழே நிறுத்தினார்கள். பக்கத்து மண்டலத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு அழிரப்பர் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

தில்லைநாயகி டீச்சருக்கு இவற்றில் எதுவும் பிரச்சினையில்லை. அவருடைய பிரச்சினை அந்தப் பன்னிரண்டாவது தட்டு.

"யாரு அது, எப்பவும் பிந்தித் தட்டுறது? என் கணக்கு பதினொண்ணு. எவ அவ பன்னண்டு போடுறது?"

மூன்று நாள் உடற்பயிற்சி வகுப்புகளில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வகுப்பு வகுப்பாக நிறுத்தித் தட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். எல்லாரும் சரியாகத் தட்டினார்கள். ஒருத்தியும் பிந்தவில்லை. ஆறாம் வகுப்பில் ஒருத்தி முந்தினாள், அவ்வளவுதான். பந்தலில் உட்கார்ந்திருந்த எவளுடைய கையிலும் அந்தத் தட்டு இல்லை என்று அவர் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

நான்காம் நாள்தான் தெரிந்தது, வந்தது அதிசயம் மட்டுமல்ல, ஓர் இழப்பும் கூடவே வந்திருக்கிறது என்று.

தேசியப் போட்டிக்கான தேர்வு மூன்றாவது சனிக்கிழமை, மாவட்ட விளையாட்டு அரங்கில். நிலோஃபர் ஒரு மீட்டர் ஐம்பத்தைந்து தாண்டினால் போகலாம். தாண்டாவிட்டால் இரண்டாமிடம் வந்த பெண் போவாள். தில்லைநாயகி பத்தாம் வகுப்பு முழுவதையும் மைதானத்தைச் சுற்றி உட்காரவைத்து, வழக்கம்போல, "தட்டுங்கடி" என்றார். எண்பது பேர் தட்டினார்கள். கைகள் மோதின, உள்ளங்கைகள் சிவந்தன, சத்தம் வரவில்லை. நிலோஃபர் அந்த மௌனத்துக்குள் ஓடினாள், ஏழாவது எட்டில் கால் தடுமாறியது, குச்சி விழுந்தது. குச்சி விழுந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. வேறு எவளுக்காகத் தட்டினாலும் கேட்டது. நிலோஃபருக்காகத் தட்டினால் மட்டும் கேட்கவில்லை. அவளுடைய கைதட்டல் அங்கே இல்லை. அது இரண்டாம் மாடியில், ஒன்பது 'ஈ'யில், யாரோ பிருந்தாவிடம் அழிரப்பரை நீட்டியதற்காகத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆசிரியர் அறை கூடி ஆலோசித்தது. பரிசு மாற்றும் முறையில்தான் பிசகு என்று எஸ்தர் டீச்சர் சொன்னார். கோப்பையைத் திங்கட்கிழமை மேசையில் வைத்து எடுத்துக்கொண்டார்களே தவிர, கைக்குக் கை கொடுக்கவில்லை. எனவே காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கோப்பை திரும்ப வரவழைக்கப்பட்டது. தலைமையாசிரியை அதைப் பிருந்தாவிடம் கொடுத்தார். ஆண்டு விழாவில் கேட்ட அதே பலத்தோடு கைதட்டல் எழுந்தது. பிருந்தா அதை நிலோஃபரிடம் நீட்டினாள். நிலோஃபர் வாங்கினாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் அடித்துக்கொண்ட சத்தம் தவிர ஒன்றுமில்லை.

"நன்றி" என்று சொல்லிவிட்டு நிலோஃபர் வரிசைக்குத் திரும்பினாள். பிருந்தா, தன் கை கோப்பையைக் கொடுத்ததையும், தன் மனசு அந்தக் கையோடு போகாமல் இங்கேயே நின்றுகொண்டதையும், தன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்று நம்பினாள். அன்று மதியம் முட்டையை வாங்கியபோது கைதட்டல் எழுந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பள்ளி விட்டுப் போகிற வழியில், மைதான ஓரத்தில் பிருந்தா நின்றாள். நிலோஃபர் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு ஓடினாள். ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு, அங்கேயே பிசகியது. குச்சி விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி ஓடினாள். விழுந்தது. எடுத்து வைத்தாள். ஒன்பதாவது முறை குச்சியை எடுக்காமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"நல்லாருக்கா?"

"என்னதுக்கா?"

"என் கைதட்டு."

பிருந்தா பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. எந்தப் பொய் என்று தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு."

"ம்." நிலோஃபர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. கோபமாகச் சொல்லியிருந்தால் பிருந்தா பதிலுக்குக் கோபப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பாள், இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். நிலோஃபர், பழைய வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல அதைச் சொன்னாள். அன்றிரவு பிருந்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை வாங்கியபோது எழுந்த கைதட்டலைக் கேட்டு முருகலட்சுமி, "சாப்பிடாததுக்கும் தட்டுது பாரு" என்றாள்.

"அம்மா, சனிக்கிழம ஸ்டேடியத்துக்குப் போகணும்."

"எதுக்கு?"

"அதக் கூட்டிட்டுப் போகணும். அது தனியாப் போகாது."

"சரி. கம்பெனில லீவு சொல்றேன். லெமன் சாதம் கட்டிக்கிருவோம்."

சனிக்கிழமை காலை, மேலக்குளத்திலிருந்து கிளம்பிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். முருகலட்சுமி தூக்குவாளியோடு வந்தாள், ஜோதிமணி கத்தரிக்கோலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள், எஸ்தர் டீச்சர் குடையோடும் எதற்கென்று தெரியாத வருகைப் பதிவேட்டோடும் வந்தார், சமையலம்மா ஒரு முட்டையோடு வந்தாள், நடத்துநர் அன்று அவருக்கு ஓய்வு நாள் என்பதால் சீருடையில்லாமல் வந்தார். பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். அரங்கத்தில் அவர்களை வேலிக்கு வெளியே, படிக்கட்டில் உட்காரவைத்தார்கள். தாண்டுகிற இடம் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. உள்ளே போக, வீராங்கனைக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே அனுமதி. பிருந்தா நடுவரிடம் போய்க் கேட்டாள்.

"நீ யாரும்மா?"

"நான் ஒண்ணுமில்ல சார். என்கிட்ட அவங்க சாமான் ஒண்ணு இருக்கு."

"குடுத்துட்டுப் போ."

"குடுக்கத்தான் சார் முடியல."

நடுவர் அவளைப் படிக்கட்டுக்கே அனுப்பினார்.

ஒன்று ஐம்பத்தைந்தில் குச்சி வைத்தார்கள். மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில், முருகலட்சுமி பிருந்தாவிடம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். கைதட்டல் எழுந்தது, வேலி வரைக்கும் போனது, அங்கேயே தேய்ந்தது. மைதானத்தின் கோடியில் நிலோஃபர் மௌனத்துக்குள் ஓடி, ஏழாவது எட்டில் தடுமாறினாள். குச்சி விழுந்தது. இரண்டாவது வாய்ப்பில், எஸ்தர் டீச்சர் அவசரப்பட்டுக் குடையையும் பதிவேட்டையும் சேர்த்து நீட்ட, சத்தம் இரட்டித்தது. ஆனால் நிலோஃபர் அப்போது ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்வதற்குள் பதினோரு தட்டும் முடிந்து போயிற்று. ஓடினாள். விழுந்தது.

தில்லைநாயகி அந்தக் கோடியிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒன்றுதான்.

பிருந்தா வேலியோரமாகப் போய் நின்றாள். துப்பட்டாவை அவிழ்த்து இரண்டு முனைகளையும் பிடித்து, முன்னால் ஏந்தினாள்.

"எல்லாரும் குடுங்க" என்றாள். "கையில என்ன இருக்கோ குடுங்க. ஆனா ஒரே நேரத்துல. நான் சொல்றப்ப."

அவள் அப்படி ஒரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. கூட்டம் அவளைச் சுற்றி நெருங்கியது. மைதானத்தின் கோடியில் நிலோஃபர் தன் அடையாளத்தில் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். உயரம் தாண்டுகிறவர்கள் கைதட்டல் கேட்பது அப்படித்தான். கேட்கும்போது அவளுக்கே அது வரும் என்ற நம்பிக்கை இல்லை, பழக்கத்தில் தூக்கினாள். வலது குதிகாலை உயர்த்தினாள்.

"இப்ப" என்றாள் பிருந்தா.

தூக்குவாளி வந்தது, குடை வந்தது, வருகைப் பதிவேடு வந்தது, கத்தரிக்கோல் வந்தது, முட்டை வந்தது, நடத்துநரின் சட்டைப்பையில் மிஞ்சியிருந்த பயணச்சீட்டுக் கட்டு வந்தது, நாற்பது பிள்ளைகளின் கிளிப்பும் சீப்பும் பேனாவும் கடலை மிட்டாயும் ஒரு ஜோடி செருப்பும் வந்தன. துப்பட்டா கனத்துத் தாழ்ந்தது, வாங்க இனி இடமில்லை. பிருந்தா அதில் எதையும் பார்க்கவில்லை. வாங்குகிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. மைதானத்தின் கோடியில் தூக்கியிருந்த அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்தாள், போ என்று நினைத்தாள், அந்த நினைப்போடு இந்த முறை அவள் மனசும் போனது.

இரண்டு. வேலிக் கம்பி அதிர்ந்தது. மூன்று. படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மற்ற மாவட்டத்துக்காரர்கள் திரும்பினார்கள். நாலு. நிலோஃபர் ஏழாவது எட்டைத் தடுமாறாமல் கடந்து, எட்டாவதில் உடலைச் சாய்த்து, வளைந்து வந்தாள். இரண்டு. பத்து, பதினொன்று, கால் தரையை விட்டது, முதுகு குச்சிக்கு மேலே ஒரு பாலம்போல வளைந்தது, குதிகால் கடைசியாக வந்து குச்சியை லேசாகத் தொட்டது. குச்சி ஆடியது. யோசித்தது. நின்றது.

அரங்கம் முழுவதும் தட்டியது, இந்தத் தடவை எல்லாருடைய கையிலும் சத்தம் வந்தது. தில்லைநாயகி கணக்கில்லாமல், ஒழுங்கில்லாமல், கண்டபடி தட்டிக்கொண்டிருந்ததை எஸ்தர் டீச்சர் பார்த்து, வருங்காலத்தில் சொல்லிக் காட்டுவதற்காக மனதில் குறித்துக்கொண்டார்.

பிறகு சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. யாருடைய சீப்பு, யாருடைய செருப்பு என்று அடையாளம் கண்டு பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பரிசு மாற்றிப் பழகிய பள்ளி என்பதால் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. முட்டை உடைந்திருந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு முருகலட்சுமி மகளிடம் லெமன் சாதத் தட்டை நீட்டினாள். பிருந்தா வாங்கினாள். இரண்டும் வரவில்லை, மூன்றும் வரவில்லை. சுற்றி இருந்த இரைச்சலில் வேறு எதையும் கேட்க முடியவில்லை. முருகலட்சுமி ஒரு தரம் தட்டைப் பார்த்து, ஒரு தரம் மகளைப் பார்த்து, "ஊறுகா வைக்கவா?" என்று மட்டும் கேட்டாள். பிருந்தா தலையாட்டினாள். சாதம் உப்பாக இருந்தது. அதற்குச் சாதம் முழுப் பொறுப்பல்ல.

திரும்புகிற பேருந்தில், ஜன்னலோரம் நிலோஃபரும் பக்கத்தில் பிருந்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். புது நடத்துநர். நிலோஃபரிடம் சீட்டை நீட்டினார். இரண்டு, மூன்று, நாலு, இரண்டு. முன் இருக்கையில் ஒருவர் எழுந்து நின்றார். மேலக்குளத்துக்காரர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள்.

நடத்துநர் அடுத்த சீட்டைப் பிருந்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதுவும் கேட்காது என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஒரு தட்டு. தனியாக. கொஞ்சம் பிந்தி.

பிருந்தா திரும்பினாள். பின்னால் உட்கார்ந்திருந்த தில்லைநாயகி டீச்சர் விறைத்து நிமிர்ந்தார். "அதேதான். அந்தப் பன்னண்டாவது. யாருது அது?"

நிலோஃபர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அது நான் தட்டுனது டீச்சர்."

"நீயா? நீ அன்னைக்குப் பந்தல்லயே இல்லையேடி."

"ரயில்வே கேட்டு திறந்ததும் ஓடி வந்தேன். ஸ்கூல் வாசலுக்கு வந்தப்ப மேடையில யாரோ ஒரு நெட்டப் புள்ள, ஒரு கால்ல சலங்கையோட, கோப்பை வாங்கிட்டு நின்னுச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியல. மூச்சு வாங்குச்சு. எல்லாரும் தட்டி முடிச்சிட்டாங்க. சரி, நம்மளும் ஒண்ணு தட்டுவோம்னு தட்டுனேன்."

"யாருக்கு?" என்றாள் பிருந்தா.

"அந்த நெட்டப் புள்ளைக்கு. பின்ன யாருக்கு?"

தில்லைநாயகி குறிப்பேட்டைத் திறந்து, அடிக்கோடிட்ட வரியைத் தேடி, அதன் எதிரே ஒரு 'சரி' போட்டு மூடினார்.

பேருந்து ரயில்வே கேட்டில் நின்றது. ஒரு சரக்கு ரயில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நிலோஃபர் பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். அவள் மடியில் ஷூ பை கனமாக இருந்தது.

"அந்தப் பையைக் குடுக்கா, நான் வச்சுக்கிறேன்" என்றாள் பிருந்தா.

நிலோஃபர் எண்ணிக்கையை விடாமல் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். பதினேழாவது பெட்டி போனது. பதினெட்டாவது போனது. பிறகு, கொஞ்சம் பிந்தி, அந்த ஒற்றைத் தட்டு வந்தது.